மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில்: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு முதியோர் கேஸ்

இந்தக் கேஸ் 2023 ஜூலையில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்தது. ஆயாவிடமும் அவர் மகனிடமும் கேட்டு, இருவரும் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறுகளை மாற்றவில்லை. இதே வேலையில் இருப்பவர்களும், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்து இனிமேல் வரப்போகிறவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பின்னணி

வடசென்னையில் முதியோருக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் சமூகப் பணியாளர். அப்போது எனக்கு ஒன்பது வருட அனுபவம். கையில் 41 கேஸ்.

ஆயாவுக்கு 74 வயது. வீட்டு வாசலிலேயே முப்பது வருடம் இட்லிக் கடை போட்டவர். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், 2017இல் இறந்துவிட்டார். மறுவருடமே வீட்டை ஒரே மகன் பேரில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார் ஆயா. வீடு என்றால் கீழே ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். மாடி கொழுந்தனார் பங்கு. படிக்கட்டு வெளியே இருக்கிறது. அதன் அடியில் பாதி இடம் கழிப்பறை, மீதி இடத்தில் ஆயாவின் கட்டில்.

மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறார். பேத்தி பதினொன்றாவது, பேரன் ஏழாவது. எங்களுக்கு ஃபோன் செய்தது பக்கத்து வீட்டு அம்மா. "வயசானவங்கள நாய் மாதிரி வெளிய போட்டு வெச்சிருக்காங்க, வந்து பாருங்க" என்றார்.

முதல் மூன்று வாரம்: நான் பார்த்தவை

மடக்குக் கட்டில். ஒரு காலுக்கு அடியில் செங்கல். சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள், யாருடையதோ காதணி விழா பேனர். இடது முன்கையில் கன்றிப்போன காயம், நாலைந்து நாள் பழையது, ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. காலைச் சாப்பாடு பதினோரு மணிக்குத்தான் வந்தது. விதவைப் பென்ஷன் பணத்தைக் கொடுக்க வங்கிப் பிரதிநிதி கைரேகை மெஷினோடு தெருமுனைக்கு வருவார். ஆயா ரேகை வைப்பார், பணத்தை மகன் வாங்கிக்கொள்வார்.

காயம் எப்படி வந்தது என்று கேட்டேன். "இடிச்சிக்கினேன் கண்ணு" என்றார். கேஸ் ஃபைலில் நான் எழுதியது இது: "காயத்தின் காரணத்தை மறைக்கிறார். மகன் மீதான பயம் காரணமாக இருக்கலாம்."

அந்த வரியை இப்போது படித்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆயா சொன்னதை எழுதாமல் நான் நினைத்ததை எழுதியிருக்கிறேன். இடித்துக்கொண்டது எங்கே, எப்போது, எதற்காக எழுந்தபோது என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கேஸ் வேறு மாதிரி போயிருக்கும். வன்முறை இருக்கலாம் என்று சந்தேகிப்பது தவறில்லை, அது நம் வேலை. சந்தேகத்தைச் சரிபார்க்காமல் அடுத்த பக்கத்தில் உண்மை போல எழுதியதுதான் தவறு.

மகன் வண்டி ஓட்டப் போன நேரமாகப் பார்த்தே போனேன். பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் பார்ப்பது நல்ல நடைமுறை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் மகனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சுகாதார நிலையத்துக்கும் ஆயாவை அழைத்துப் போகவில்லை. வீட்டுப் பத்திரத்தின் நகலைப் பக்கத்து வீட்டு அம்மா மூலம் வாங்கினேன், முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மனு போடும் முடிவு

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்க இந்தச் சட்டத்தில் வழி உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்து செய்யக் கேட்க 23ஆம் பிரிவு இருக்கிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொல்லியிருந்தது. (2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களின் நன்மைக்கு ஏற்ப விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அது இந்தக் கேஸ் முடிந்த பிறகு வந்த தீர்ப்பு.)

எங்கள் அலுவலகத்தில் மனுவுக்கு ஒரு மாதிரிப் படிவம் உண்டு. பராமரிப்புத் தொகை ஒரு கோரிக்கை, பத்திரத்தை ரத்து செய்வது இன்னொரு கோரிக்கை. இரண்டையும் அப்படியே வைத்து டைப் செய்து எடுத்துப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "மேற்படி எதிர்மனுதாரர் மனுதாரரைப் பராமரிக்கத் தவறியமையால், மேற்படி தானசெட்டில்மெண்ட் ஆவணத்தை இல்லாநிலையதாக அறிவித்து" என்று போகும் தமிழ் அது. நாலு நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஆயா தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார்.

இப்படி முடிவெடுக்க எனக்கு அப்போது காரணம் இருந்தது. மழைக்காலம் வருவதற்குள் அவரை உள்ளே படுக்க வைக்க வேண்டும், சட்டத்தின் பயம் இருந்தால் மகன் வழிக்கு வருவார் என்று நினைத்தேன். அந்தச் சட்டத்திலேயே, விசாரணைக்கு முன்பு சமரச அலுவலரிடம் அனுப்பி ஒரு மாதத்தில் அறிக்கை வாங்கும் வழியும் இருக்கிறது. அதை நான் கேட்கவே இல்லை.

விசாரணை நாள்

செப்டம்பரில் விசாரணை. ஆயா, மகன், மருமகள், பேத்தி என எல்லோரும் வந்திருந்தார்கள். அலுவலர் மனுவைப் பேச்சுத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "உங்க மகன் பேர்ல எழுதினத ரத்து பண்ணச் சொல்றீங்க, சரியாம்மா?"

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வூட்ட ரத்து பண்றதா? அப்ப கொயந்தைங்கோ எங்க போவும்?" என்றார். அப்புறம் அலுவலரிடம், "எம் புள்ள என்ன நல்லாத்தான் பாத்துக்கிறான் சார். இந்தப் பொண்ணுதான் எயுதினு வந்துச்சு" என்றார். மனு அன்றே முடிந்துபோனது.

வெளியே வரும்போது அலுவலர் கேட்டார்: "படிச்சுக் காட்டினீங்களா?" ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கினால் சம்மதம் வாங்கியாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். எது கையை விட்டுப் போகும், எது வரும், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதை அவருடைய தமிழில் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்.

போட்டோ

அதே நாள் தாழ்வாரத்தில் பேத்தி என்னிடம் வந்தாள். "அக்கா, அந்த போட்டோ எடுத்தது நீங்கதானே?"

ஆகஸ்ட்டில் ஆயாவுக்கு நல்ல கட்டில் ஒன்று கேட்டு, நன்கொடையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தேன். முகத்தை மறைத்திருந்தேன், பெயர் போடவில்லை. ஆனால் பின்னால் அந்தக் காதணி விழா பேனர் முழுசாகத் தெரிந்தது. படம் குழுவை விட்டு வெளியே போய், சுற்றி, அந்தத் தெருவுக்கே வந்துவிட்டது. பேனரைப் பார்த்ததும் எல்லோருக்கும் வீடு தெரிந்துவிட்டது. பள்ளியில் ஒருத்தி இவளிடமே காட்டிக் கேட்டிருக்கிறாள்.

முகத்தை மறைத்தால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். சந்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு குடம், ஒரு கதவின் நிறம், ஒரு பேனர் போதும். அந்தப் படத்தை எடுக்க ஆயாவிடம் கேட்டேன். "உன்ன ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா ஆயா" என்று மட்டும் கேட்டேன். எங்கே போடப்போகிறேன் என்று சொல்லவில்லை. கட்டில் வந்தது. மகன் அதை வாங்கித் தெருவில் வைத்துவிட்டார்.

ஃபோன்

இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்றார் மகன். உதவி பெறுபவரே விலகினால், எங்கே யாரைக் கூப்பிடலாம் என்ற விவரத்தைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்று சொல்லி ஃபைலை மூட வேண்டும். இதுதான் எங்கள் விதி. நான் ஃபைலை மூடினேன், கேஸை மூடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா மூலம் ஒரு பட்டன் ஃபோன் கொடுத்தனுப்பினேன். ஒன்றாம் எண்ணை அழுத்தினால் என் சொந்த நம்பருக்கு வரும். நாலு தடவை ஐந்நூறு ஐந்நூறாகப் பணமும் கொடுத்தேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயா இரவில்தான் கூப்பிடுவார். பன்னிரண்டரைக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். "தூங்கினியா கண்ணு" என்பார், எனக்குத் தூக்கம் போய்விடும். ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பேன். நவம்பரில் பகலில் மற்ற முதியவர்கள் பேசும்போது பாதியிலேயே காது அடைத்த மாதிரி ஆகிவிடும். என் ஆறு வயது மகள் தண்ணீர் கேட்டதற்கு ஒருநாள் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

இதையெல்லாம் அப்போது அக்கறை என்றுதான் நினைத்தேன்.

மிக்ஜாம்

2023 டிசம்பர் 3 இரவிலிருந்து 4 முழுக்க மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் தண்ணீர் ஏறியது, மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. ஒன்றாம் எண்ணிலிருந்து அழைப்பு வரவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் பேனரும் கட்டில் காலின் செங்கல்லும் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஐந்தாம் தேதி காலையில், அலுவலகத்தில் சொல்லாமல், முட்டியளவு தண்ணீரில் நடந்து போனேன்.

ஆயா மாடியில் கொழுந்தனார் வீட்டில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும், நடுராத்திரியில் மகன்தான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறார். இருட்டில் எதையோ மிதித்துக் காலில் வெட்டு. பழைய துண்டைச் சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "மேடம், எங்கம்மாவப் பாக்க வந்தீங்களா, நான் அவங்கள இன்னா பண்ணேன்னு பாக்க வந்தீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மேற்பார்வை

ஒரு வாரம் கழித்து என் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களை வேலைக்குப் பழக்கிய மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் திட்டவில்லை. ஃபைலை என்னிடம் கொடுத்து, "இதுல ஆயா சொன்னத அப்படியே எழுதின வரிய மட்டும் அடிக்கோடு போடு" என்றார். 23 பக்க ஃபைலில் மூன்று வரிகள் இருந்தன. அதில் ஒன்று, இடிச்சிக்கினேன் கண்ணு.

அப்புறம், "உங்க வீட்ல யாரு இப்படிக் கட்டில்ல படுத்திருந்தாங்க?" என்று கேட்டார். என் பாட்டி. திண்டிவனத்தில், திண்ணையில். நான் முதல் வேலையில் சேர்ந்த வருடம், லீவு கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியாகப் போய்ப் பார்க்காமல் விட்டவள். இதைச் சொல்லும்வரை இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நம் சொந்த வாழ்க்கையில் ஆறாமல் கிடப்பது கேஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். அது எனக்கே நடந்தபோது தெரியவில்லை. வெளியிலிருந்து ஒருவர் கேட்டால்தான் தெரிகிறது. மேற்பார்வை என்பதே இதற்காகத்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஐந்து மாதமாக எங்களுக்கு மேற்பார்வைக் கூட்டமே நடக்கவில்லை. திட்ட அறிக்கை, தணிக்கை என்று தள்ளிக்கொண்டே போனது. 41 கேஸை ஓர் ஆள் பார்த்தால் ஆளைப் பார்க்க முடியாது, ஃபைலைத்தான் பார்க்க முடியும். பணியாளர் தன் உடலையும் மனதையும் பேணிக்கொள்வதை அவருடைய சொந்தப் பொறுப்பாக மட்டும் விட்டுவிடும் பழக்கம் நம் துறையில் இருக்கிறது. யோகா செய், இசை கேள் என்கிறார்கள். நாலு கேஸைக் கையிலிருந்து எடுத்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை. மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இருப்பது போல எல்லாச் சமூகப் பணியாளர்களையும் பதிவு செய்து நெறிகளைக் கண்காணிக்கும் கவுன்சில் நம் நாட்டில் இல்லை. அதனால் நிறுவனத்துக்குள் இருக்கும் மேற்பார்வைதான் எங்களுக்கு இருக்கும் ஒரே கடிவாளம்.

அன்று நாலு முடிவுகள் எடுத்தோம். எனக்குப் பத்து நாள் விடுப்பு. ரகசியமாகக் கொடுத்த ஃபோன், பணம் எல்லாம் ஃபைலில் ஏற வேண்டும். கேஸை ஒரு மூத்த சக பணியாளர் முன்னின்று நடத்துவார், குடும்பம் சம்மதித்தால் நான் கூடப் போகலாம். நான் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். விடுப்பின் மூன்றாம் நாள், இரவு, 14416க்கு அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எத்தனையோ பேருக்கு நானே எழுதிக் கொடுத்த நம்பர். எனக்காக அழுத்தும்போது கை தயங்கியது. பேசிய பிறகு அன்று தூங்கினேன். அப்புறம் ஓர் ஆலோசகரிடம் ஆறு முறை போனேன்.

மறுபடியும் முதலிலிருந்து

ஜனவரியில் சக பணியாளர் முதலில் மகனைத்தான் பார்த்தார், ஆட்டோ ஸ்டாண்டில், டீ வாங்கிக் கொடுத்து. பத்து நாள் கழித்து என்னையும் வரச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டேன். மகன் தலையை மட்டும் அசைத்தார்.

ஆயாவிடம் சக பணியாளர் கேட்டது ஒரே கேள்விதான். "உனக்கு இன்னா வேணும் ஆயா?"

ஆயா நிறைய நேரம் வெற்றிலை இடித்தார். பிறகு சொன்னார். ராத்திரியில் ஏழெட்டு தடவை ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. உள்ளே படுத்தால் பிள்ளைகளைத் தாண்டிப் போக வேண்டும், சில நாள் அதற்குள் புடவை நனைந்துவிடுகிறது. பேத்தி வயசுக்கு வந்த பெண், அவள் பக்கத்தில் அந்த நாற்றத்தோடு படுக்க அவமானம். அதனால் கழிப்பறை பக்கத்தில் கட்டிலைப் போடச் சொன்னதே அவர்தான். கையில் அந்தக் காயம் கழிப்பறைப் படியில் வழுக்கியபோது வந்தது.

கழிப்பறையும் கட்டிலும் ஒட்டி இருந்ததை முதல் நாளே பார்த்தவள் நான்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை 338 என்று வந்தது. அதுவரை யாரும் பார்க்கவில்லை. சிறுநீர்த் தொற்றும் இருந்தது. மருந்து தொடங்கி, 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் சேர்த்து, மாத்திரை வீட்டுக்கே வர ஆரம்பித்தது. ஒன்றரை மாதத்தில் இரவில் எழுவது இரண்டு தடவையாகக் குறைந்தது.

இதனால் மகன் மேல் குற்றமே இல்லை என்று ஆகிவிடவில்லை. பென்ஷனை முழுசாக அவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார், வண்டிக் கடனுக்கு. ஒருமுறை குடித்துவிட்டு அம்மாவைப் பிடித்துத் தள்ளியதை அவரே ஒத்துக்கொண்டார். என் சந்தேகத்தில் ஒரு பங்கு சரிதான். அதைக் கேட்டு வாங்கும் இடத்தில் நான் இல்லாமல் போய்விட்டேன். இனி அப்படி நடந்தால் யாரை எழுப்புவது, முதியோர் உதவி எண் 14567ஐ எப்படிக் கூப்பிடுவது என்று ஆயாவோடு உட்கார்ந்து பேசி வைத்தோம். மகனுக்குத் தெரிந்தே.

பிப்ரவரியில் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். அன்றுதான் செட்டில்மெண்ட் பத்திரத்தைக் கடைசிவரை படித்தேன். பராமரிப்பு நிபந்தனை அதில் இல்லை. ஆனால் நாலாம் பக்கத்தில், ஆயா தன் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆயாவுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. நான் சத்தமாகப் படித்தேன். ஆயா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

விளைவு

கட்டில் உள்ளே போனது, வாசல் ஓரமாக. இரவுக்கு ஒரு கமோடு சேர். கழிப்பறைப் படியில் மகனே கைப்பிடி வைத்தார். அதற்குள் 1,200 ஆகியிருந்த பென்ஷனை ஆயா தன் கையால் வாங்கி, ஐந்நூறைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு மீதியை மகனிடம் கொடுக்கிறார். முழுப் பணமும் அவரிடமே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அது என் ஆசை. காலைச் சாப்பாடு இப்போதும் சில நாள் பத்தரை ஆகிறது. மகன் குடியை விடவில்லை. தள்ளுமுள்ளு திரும்ப நடக்கவில்லை என்று ஆயாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

பட்டன் ஃபோனில் ஒன்றாம் எண்ணுக்கு அலுவலக நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். பழைய நம்பர் எங்கே என்று கேட்டார். "அது எங்க வீட்டு நம்பர் ஆயா. ராத்திரி நான் தூங்கணும்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. "சொல்றதுக்கு இன்னா, தூங்கு" என்றார்.

மாற்றியவை

மனுவின் ஒவ்வொரு கோரிக்கையையும் பேச்சுத் தமிழில் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் கையெழுத்து. அதற்கும் முடிவு மாற்றிக்கொள்ள இரண்டு நாள் இடைவெளி. பத்திர ரத்துக் கோரிக்கையை மாதிரிப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டோம். வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் தனியாக எழுதுகிறோம். முதல் வாரத்திலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் பரிசோதனை. ஃபைலில் இடது பக்கம் அவர்கள் சொன்னது, வலது பக்கம் நாங்கள் நினைப்பது.

சொந்த நம்பர் யாருக்கும் இல்லை. அலுவலக ஃபோனை இரவில் முறை வைத்து எடுக்கிறோம். ஓர் ஆளுக்கு 25 கேஸுக்கு மேல் வேண்டாம் என்று எழுதி வாங்க ஏழு மாதம் ஆனது. இப்போது 28இல் நிற்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேற்பார்வை. அந்தத் தேதியில் தணிக்கையே வந்தாலும் தள்ளுவதில்லை.

போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டோம். நன்கொடை கொஞ்சம் குறைந்தது.

பேத்தியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்து படத்தை அழிக்கச் சொன்னேன். குழுவுக்கு வெளியே அது யார் யார் ஃபோனில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தெருவில் என்னைப் பார்த்தால் இன்னும் எதிர்ப்பக்கமாகத்தான் போகிறாள்.